மகன் இல்லை என்று ஒரு விளம்பரம்

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

எல்லை தாண்டி, தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து ந்யான் லின் வணங்கி எழுதுவது. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் நலம். நேற்று என்னைத் தேடி இரண்டு பேர், என் படத்துடன் நான் வழக்கமாகப் போகும் தேநீர்க் கடைக்கு வந்தார்களாம். "தம்பி, படத்துல நீ சிரிச்சுக்கிட்டு இருந்த. இப்படிச் சிரிக்கிற ஆளு யாரும் இங்க வர்றதில்லன்னு அனுப்பிட்டேன்" என்றார் கடைக்கார அம்மா. அறை மாறிவிட்டேன். சன்னலைத் திறப்பதில்லை, மற்றபடி காற்றோட்டமான அறை.

பயமெல்லாம் உங்களை நினைத்துத்தான். பிள்ளை அரசை எதிர்த்ததற்காக எதிர்வீட்டுக்கு ராணுவம் சீல் வைத்ததைத் தங்கை சொன்னாள். நான் உங்கள் மகனே இல்லை என்று அரசு நாளிதழில் விளம்பரம் கொடுத்தால் நம் வீடு தப்பும். மாண்டலேயில் நம் தெருவில் பாதிப் பேர் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் மட்டும் மறுத்தீர்களாம்: "பேப்பர்ல பொய் போடாதேன்னு கத்தித்தானே அவன் ஊரை விட்டு ஓடினான்? இப்ப என்னையே ஒரு பொய்யைப் போடச் சொல்றானா?"

நியாயமான கேள்வி. அந்த நாளிதழின் பொய்களை எதிர்த்து எழுதினேன், இனியும் எழுதுவேன். அவை ஆட்களைச் சிறைக்கு அனுப்புகின்றன. இந்த ஒரு பொய் உங்களைச் சிறைக்கு வெளியே வைக்கும். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்.

அச்சானதும் அதைக் கத்தரித்து, நம் ஊரில் தின்னும் ஊறவைத்த தேயிலை கொஞ்சத்தோடு அனுப்புங்கள். நம் இருவர் பெயரும் சேர்ந்திருக்கும் தாள் என்னிடம் வேறில்லை. கடிதம் கொண்டுவரும் வண்டி கிளம்புகிறது. படித்ததும் இதை எரித்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை வரை உங்கள் மகன்,
ந்யான் லின்