கழித்த தண்ணீரின் எடை

சார், இன்று காலை கைப்பேசியைத் திறந்ததும் உங்கள் படம். சுற்றிலும் பூ, அடியில் தங்க எழுத்தில் 'எங்கள் பேராசிரியர்'. நீங்கள் வேலை பார்த்த பல்கலைக்கழகத் துறை போட்டது. உயிரோடு இருந்தவரை தராத பதவியைச் செத்த பிறகு இலவசமாகத் தந்திருக்கிறார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். தூ!

உங்கள் வகுப்பில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. யாரோ இணையத்தில் ஏற்றிய உங்கள் பழைய விரிவுரைகளைப் பார்த்துத்தான் கட்டமைப்புப் பொறியியல் படித்தேன். மலையூரான ரிங்லெட்டில் உங்கள் வீட்டைத் தேடி வந்து, கேட்டருகே நின்று கத்தினேன்: "சார், உங்க வீடியோ எல்லாம் எனக்கு மனப்பாடம் சார்!"

"மனப்பாடமா? அப்ப ஒண்ணும் புரியலன்னு அர்த்தம். உள்ள வா லா."

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்ததை அன்றுதான் சொன்னீர்கள். நீங்கள் பிறந்த தோட்டத்தின் தேயிலை ஆலையில், கொழுந்தை வாடப் போடும் மாடி பலமாக இருக்கிறது என்று உங்கள் துறைத் தலைவர் சான்று கொடுத்திருந்தார். பாரத்தைத் தோட்ட ஆபீஸ் எழுதிய எடையிலிருந்து எடுத்தாராம். மழை நாளில் ஈரக் கொழுந்து வந்தால், தண்ணீருக்கென்று கொஞ்சம் கழித்துவிட்டுத்தான் ஆபீஸ் கூலி எழுதும். கழித்தது போக நின்ற எடையை அந்த மகான் மாடியின் பாரமாக எடுத்துக்கொண்டார். மாடியில் கிடந்ததோ தண்ணீரும் சேர்ந்த கொழுந்து. கொழுந்து பறிக்கும் அம்மாவோடு தொழிலாளர் லயத்தில் வளர்ந்த உங்களுக்குப் பார்த்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. சோதித்துப் பார்த்து, ஆய்வுக் கட்டுரை எழுதி, துறைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டீர்கள்: "எங்கம்மா கூலியில கழிச்ச தண்ணி, மாடியிலயும் காணாமப் போயிடுமா சார்?"

"லயத்துப் புத்தி இன்னும் போகலியா உனக்கு?" என்றாராம். பிறகு அறைக்குள் கூப்பிட்டு, குரலை இறக்கி, "கட்டுரைய வாபஸ் வாங்கிக்கோ. அடுத்த மீட்டிங்ல நீ புரொபசர்" என்றாராம்.

நீங்கள் கட்டுரையை இதழுக்கு அனுப்பினீர்கள். ஆலை மாடிக்கு அடியில் இரும்புத் தூண்கள் வந்தன. உங்களுக்கு ஒன்றும் வரவில்லை; ஓய்வு பெறும்வரை வெறும் விரிவுரையாளர்.

"அந்த ஆளு பேரச் சொல்லுங்க சார், நெட்ல போட்டுக் கிழிச்சிடுறேன்!" என்று குதித்தேன்.

"எதுக்கு? அந்தாளுகிட்ட இருந்ததே பேரு ஒண்ணுதான். அதையும் புடுங்கணுமா?" என்று தேநீரை ஊதிக் குடித்தீர்கள். இவ்வளவு இளக்காரத்தை இவ்வளவு மெதுவாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது நானும் வீடியோ போடுகிறேன் சார். போன வாரம் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவிலிருந்து ஒரு காய்கறி வியாபாரி, புதிதாகக் கட்டும் கிடங்கு மாடியின் கணக்கை அனுப்பினார். கழுவிய முட்டைக்கோஸ், சொட்டுகிற கூடை எல்லாம் அதில் காய்ந்த எடையிலேயே இருந்தன.

"சும்மா நல்லாருக்குன்னு வீடியோல சொல்லிடு தம்பி. உன் சேனலுக்கு ஸ்பான்சர் பண்றேன்."

"முடியாதுண்ணே. ஈர எடையோட லைசென்ஸ் உள்ள என்ஜினியர்கிட்ட காட்டுங்க."

"ஓஹோ! நீ என்ன பெரிய புரொபசரா?"

"இல்லண்ணே," என்றேன். "எங்க சாரும் இல்ல."