புதன்கிழமையே கழுவிய கால்கள்

மதினி,

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் சாயங்காலம், அண்ணன் கொல்லைக் குழாயடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் அங்கன்வாடியிலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை. போய்ப் பார்த்தால் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு இரண்டு காலையும் நீட்டியிருக்கிறார். பக்கத்தில் வாளித் தண்ணீர். கையில், நீங்கள் கால் வெடிப்பு தேய்க்க வைத்திருந்த செம்புறாங்கல்.

"ஏத்தா ஆரோக்கியம், மதினி இருந்தா தேச்சு விட்டிருப்பா. நீயாச்சும் கொஞ்சம் தேச்சு விடு."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. நீங்கள் போய் ஆறு மாதம் ஆகவில்லை. அந்தக் கல் இன்னும் உங்கள் உள்ளங்கைக்கு ஏற்பத் தேய்ந்த மாதிரியே இருக்கிறது. மனுஷனுக்கு உங்கள் நினைவு வந்தது அவருடைய குதிகாலைப் பார்த்தபோதுதான்.

வருஷா வருஷம் நடந்ததுதானே. பெரிய வியாழன் பூசையில் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார், ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக. பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு ஆம்பளை. பங்குப் பேரவையில் இருந்ததால் அண்ணனுக்கு ஒரு நாற்காலி எப்போதும் உறுதி. சபையில் கால் அசிங்கமாகத் தெரியக் கூடாதென்று, முந்தின நாளே நீங்கள் தரையில் குத்தவைத்து அவர் காலைத் தேய்ப்பீர்கள். நகம் வெட்டுவீர்கள். தேங்காய் எண்ணெய்கூடத் தடவுவீர்கள்.

"கழுவுன காலைத்தேன் சாமி கழுவுறாக. அழுக்கு எடுத்தது நானு, ஆசீர்வாதம் ஒங்க அண்ணனுக்கு" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பீர்கள். நாம் இரண்டு பேரும் சிரிப்போம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பே எனக்கு எரிகிறது.

உங்கள் காலை யார் பார்த்தார்கள்? கொத்தமங்கலத்தில் பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றும் வேலைக்குச் சித்தாளாகப் போய், சிமெண்டுக் கலவையில் நின்று நின்று வெந்துபோன கால். வெடிப்புக்குள் ஒரு ரூபாய்க் காசைச் சொருகலாம். கோயிலுக்குள் வந்தால் சேலைக் கரையை இழுத்து விட்டு அதை மூடிக்கொள்வீர்கள்.

பெண்களையும் உட்கார வைக்கலாம் என்று திருச்சபையே சொல்லிவிட்டதாகப் பூசையில் வாசித்த அந்த வருஷம், பூசை முடிந்து நடந்த கூட்டத்தில் நீங்கள்தான் எழுந்தீர்கள்.

"சாமி, என் பேரையும் எழுதிக்கிருங்க."

கூட்டமே சிரித்தது. பேரவைத் தலைவர் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கிவிட்டு, பெரிய மனுஷத் தோரணையில் விளக்கம் சொன்னார். பெண்களுக்குத் தாழ்ச்சி பிறவியிலேயே வருமாம். கடவுள் அப்படித்தான் படைத்திருக்கிறாராம். ஆம்பளைக்குத்தான் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம், அதனால்தான் பன்னிரண்டும் ஆம்பளையாம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மெட்டி போட்ட காலைச் சாமி தொட்டா நல்லாவாம்மா இருக்கும்?" என்றார்.

நீங்கள் உட்காரவில்லை. "பொறவியிலயே வருதா? குத்தவச்சு எந்திரிக்கிறப்ப என் முழங்காலு வலி எனக்குல்ல தெரியும்! நன்மை அப்பத்தை வைக்கிறப்ப பொம்பளை நாக்குன்னு தெரியலை, காலுதேன் ஒங்களுக்குப் பொம்பளையாத் தெரியுதாக்கும்?"

நான் கை தட்டிவிட்டேன். நான் ஒருத்திதான். சாமி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்றார். அந்த அடுத்த வருஷம் உங்கள் ஆயுசுக்கும் வரவில்லை. அண்ணன், "என்னைச் சந்தி சிரிக்க வச்சுட்டா" என்று தவக்காலம் முழுக்க உங்களோடு பேசவில்லை. பேசாமலே புதன்கிழமை வந்து காலை நீட்டினார். நீங்களும் தேய்த்தீர்கள். ஏன் மதினி? அன்றைக்கே அந்தக் கல்லை வேலிக்கு அங்குட்டுத் தூக்கி எறிந்திருந்தால் என்ன? உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். இறந்துபோனதால் உங்களை விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள்.

ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, வீட்டில் நாம் செய்கிற வேலையை அல்லவா செய்து காட்டினார்? பந்தியில் ஒரு பெண் கண்ணீரால் அவர் காலைக் கழுவியபோது, பார்க்க நன்றாக இராது என்று அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லையே. இந்த ஆம்பளைகள் துண்டை நமக்குத் தள்ளிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்டால் கடவுள் வகுத்தது என்கிறார்கள். அவர் பேரைச் சொல்ல இவர்களுக்கு வாய் கூசவில்லை.

மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று படுத்தீர்கள், மறுநாள் போய்விட்டீர்கள். உங்களைக் குளிப்பாட்டியபோது கால் பக்கம் நான் உட்கார்ந்தேன். வெடிப்புக்குள் சிமெண்டு அப்படியே இருந்தது. எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. அந்தச் செம்புறாங்கல்லை எடுத்துத் தேய்க்க எனக்கு மனசு வரவில்லை.

இந்த வருஷம் வந்த புதுச் சாமி, ஆறு பேர் பெண்கள் என்று அறிவித்துவிட்டார். அதில் என் பேரும் இருந்தது. பேரவைத் தலைவர் எங்கள் ஆறு பேரை மட்டும் தனியாக நிறுத்தி, "காலை நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வாங்க, சபையில அசிங்கமா இருக்கக் கூடாது" என்றார். ஆம்பளைகளுக்குச் சொல்லவில்லை. அவர்களுக்குத்தான் வீட்டில் ஆள் இருக்கிறதே.

அதனால்தான் அண்ணன் காலை நீட்டியபோது சொன்னேன்: "ஒங்களுக்குக் கை இருக்குல்ல? குனிஞ்சு தேய்ங்கண்ணே."

அவர் கல்லை வீசி எறிந்தார். அது பப்பாளி மரத்தடியில் போய் விழுந்தது.

வியாழக்கிழமை அரியக்குடி அங்கன்வாடியில் வேலை முடிந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். கணுக்கால் வரைக்கும் செம்மண். கழுவவில்லை. அண்ணனுக்கு அடுத்த நாற்காலி எனக்கு. அவருடைய பாதங்களை அன்றைக்குத்தான் உள்ளபடி பார்த்தேன். கறுத்து, தோல் உரிந்து, ஊரில் எல்லார் கால் மாதிரியும்தான் இருந்தன. நாற்காலிக்கு அடியில் இழுத்து இழுத்து ஒளித்தார்.

சாமி மண்டியிட்டார். என் கால் பட்டதும் தாம்பாளத்துத் தண்ணீர் சிவந்துபோனது. பேரவைத் தலைவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாமி விரல் இடுக்கு வரைக்கும் கழுவி, துடைத்து, பாதத்தில் உதடு பதித்து முத்தி செய்தார்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அது உங்கள் நாற்காலி, மதினி. வாய் திறந்து கேட்டது நீங்கள், உட்கார்ந்தது நான். இந்தக் கோபம் எந்தத் தண்ணீரிலும் போகாது, போகவும் விடமாட்டேன்.

உயிர்ப்பு ஞாயிறு காலையில் கொல்லையில் அண்ணன் குரல் கேட்டது. "ஏத்தா, அந்தக் கல்லு எங்குட்டுக் கெடக்கு?"

"நீங்க எறிஞ்ச எடத்துலதேன் இருக்கு. குனிஞ்சு எடுங்க."

கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். அப்புறம் பப்பாளி மரத்தடிக்குப் போனார், ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்தார், "யாத்தே, முழங்காலு!" என்று கத்தினார்.

அதை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் நாத்தனார்,
ஆரோக்கியம்