அப்பாவின் கைக்கு ஒத்துக்கொண்ட கைப்பிடி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் சிரித்துக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நாங்கள் சுகம், உன் அப்பா மட்டும் சுகத்துக்கும் ஒரு படி மேலே. காலையிலிருந்து வீட்டில் இருந்த காய் அத்தனையும் நறுக்கித் தள்ளிவிட்டார். கேரட் முடிந்து, முட்டைக்கோஸ் முடிந்து, பீன்ஸ் முடிந்து, இனி மேசைக் காலைத்தான் நறுக்க வேண்டும் என்கிற நிலை. பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா கிண்ணத்தோடு வந்தவள், "என்னக்கா, வீட்ல விசேஷமா?" என்று கேட்டாள், ஆமாம், என் வீட்டுக்காரருக்குக் கை திரும்பி வந்துவிட்டது என்றேன், பாவம், பயந்துபோய் அவர் கையைப் பார்த்தாள்.

நடந்ததைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பாவின் பிறந்தநாளுக்கு அனுப்பினாயே, கடல் அலை மாதிரி நீலக் கைப்பிடி போட்ட கத்தி, வினை அதில்தான் இருந்தது. உன் மனம் நோகும் என்று மறைத்துவைக்க நான் உன் அப்பா இல்லை. சாயப்பட்டறையில் வேலை பார்த்த நாளிலிருந்து அவருக்குப் புது பெயிண்ட், பசை, சென்ட் எதுவும் ஆகாது என்பதால்தான் மரப் பிடியாகப் பார்த்து அனுப்பினாய், உன் தப்பு ஒன்றுமில்லை, பாத்திரக்கடைக்காரி நானே ஏமாந்தேன், அது மரத்தை ரெசின் என்கிற பசையில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியது. உன் அப்பாவோ போனில் உன்னிடம் "கத்தின்னா இதும்மா கத்தி" என்று பாடிவிட்டு, உள்ளங்கைத் தோல் உரிய உரிய அதிலேயே நறுக்கியிருக்கிறார். பிறகு ஒருநாள், சமையல் அலுத்துப்போச்சு, இனி நீயே பாத்துக்கோ என்று அடுப்படியை விட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். நான் சமைத்தேன். விளைவு, நம் கடைக் கணக்குப்பிள்ளை, இத்தனை வருஷமாக நம் வீட்டுச் சாப்பாட்டுக்கென்றே வேலைக்கு வந்த மனிதர், தன் வீட்டிலிருந்து டப்பா கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். அதுகூடப் பரவாயில்லை, அடுப்படியில் சீட்டியடித்துக்கொண்டே திரிந்த உன் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து நேற்றைய பேப்பரை இன்றும் படிக்கிறார். இப்படியே விட்டால் ஆள் ஒடுங்கிப்போவார் என்று எனக்குக் கிலி பிடித்துக்கொண்டது.

ஒரு மத்தியானம் கடையிலிருந்து சீக்கிரம் வந்து பார்க்கிறேன், காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு உன் கத்தியால் ஒரு வெங்காயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். சிரிப்பு வந்துவிட்டது. காலுறையை உருவினால் உள்ளங்கை சிவந்து வெடித்துக் கிடந்தது. "பொண்ணு ஆசையா வாங்கினது, சொல்லித் தொலைச்சிடாதே" என்றார். டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன், அவரோ, இந்தக் கத்தியைத் தொடவே கூடாது, கை ஆறட்டும், அப்புறம் வேறு பிடிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது ஆகாதது என்றே தெரியாது என்று சொல்லிவிட்டார்.

என் வீட்டிலா கத்திக்குப் பஞ்சம் என்று இறங்கினேன். தெருத் தெருவாகக் கரண்டி விற்றுத் தலையெடுத்தவள் நான், விற்கிறவன் பேச்சை எடை போடத் தெரியாதா? மெத்தென்ற ரப்பர் பிடி போட்ட கத்தியோடு வந்த விற்பனைக்காரர் "வாசனையே கிடையாதுக்கா" என்றார். எவர்சில்வர் டப்பாவில் அதைப் போட்டு மூடி வெயிலில் வைத்தேன், அவர் டீ குடித்து முடித்ததும் மூடியைத் திறந்து, நீங்களே மோந்து பாருங்க தம்பி என்றேன். "டயர் கடை மாதிரி இருக்கே" என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. அடுத்தது பிடியும் அலகும் ஒரே எவர்சில்வரான கத்தி. பசை இல்லை, வாசனை இல்லை, ஆனால் ஈரக் கையில் மீன் மாதிரி நழுவிக் காலடியில் விழுந்தது, உன் அப்பா குதித்த குதியை நீ பார்த்திருக்க வேண்டும், எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் அப்படி ஆடவில்லை.

சரி, வெறும் மரம்தான் கதி என்று தச்சரிடம் போனேன். வார்னிஷ் வேண்டாம், பசை வேண்டாம், இழைத்து இரண்டு ஆணி அறைந்து கொடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மனிதர் கொண்டுவந்ததோ கண்ணாடி மாதிரி மினுமினுக்கிறது. "உங்க வீட்டுக்கு மொட்டையாவா குடுக்கறது? நாலு பேரு பாத்தா என் பேரு என்னாகும்? உங்களுக்காக மூணு கோட்டு அடிச்சிருக்கேன்" என்று பெருமையாக நீட்டுகிறார். அந்தப் பாசத்தைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை, திட்டினேன். மறுபடி செய்யும்போது பட்டறையிலேயே முக்காலி போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டேன், வார்னிஷ் டப்பா பக்கம் அவர் கை போகும்போதெல்லாம் இருமினேன். "அக்கா, மூச்சு விடவாவது உத்தரவு உண்டா?" என்றார். கறுப்பு மரத்தை அறுத்தால் தனக்கே முழங்கைவரை அரிக்கும் என்று அதை ஒதுக்கிவிட்டு, வெளிறிய மரத்தில் செய்துகொடுத்தார்.

கை ஆறியிருந்த உன் அப்பா, அலகுக்குத் துணி சுற்றி அதை மாலை முழுக்கப் பிடித்துக்கொண்டு டிவி பார்த்தார், செங்கோல் பிடித்த ராஜா தோற்றான். காலையில் கைரேகை பார்ப்பவள் மாதிரி அவர் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், சிவப்பில்லை, தடிப்பில்லை. அவர் நம்பாமல் மறு கையையும் நீட்டினார். இந்தக் கையிலா பிடித்தீர்கள் என்றால், "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுல்ல, எனக்கே சந்தேகமாயிடுச்சு" என்கிறார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அடுப்படியில் டக்டக் என்று சத்தம், கூடவே சீட்டி.

உன் கத்தி நம் கடைக் கண்ணாடி அலமாரியில், விற்பனைக்கு அல்ல என்ற அட்டையோடு இருக்கிறது, என் பெண் அனுப்பியது என்று எல்லோருக்கும் காட்டுகிறேன். விலை கேட்கிறவர்களைத் திருப்பி அனுப்பும்போது என் வியாபார ரத்தம் கொதிக்கிறது, பொறுத்துக்கொள்கிறேன். உனக்கும் அப்பாவின் தோல்தான், அதனால் கத்தி வாங்கும்போது பிடி எதனால் ஆனது, எதைக் கொண்டு ஒட்டியது, மேலே என்ன பூசியது என்று கேள், பதில் தெரியாதவரிடம் வாங்காதே, தெரிந்தவரையும் முழுக்க நம்பாதே, நான் உட்பட. மரப் பிடியைத் தண்ணீரில் ஊறப் போடக் கூடாது, கழுவியதும் துடைத்துவிட வேண்டும், மாப்பிள்ளைக்கும் சொல்லிவை.

நீ வரும்போது என்ன சமைக்கட்டும் என்று அப்பா கேட்கச் சொன்னார். உன் வழக்கப்படி எதுவானாலும் சரி என்று எழுதிவிடாதே. நிறைய நறுக்க வேண்டியதாகப் பார்த்துச் சொல், எனக்கு வேண்டாம், அவருக்கே எழுது. இருவரும் நோய்நொடி அண்டாமல், கை நிறைய வேலையும் வயிறு நிறையச் சாப்பாடுமாக நன்றாக இருங்கள்.

கடை வைத்த நாளிலிருந்து இன்றுதான் முதல்முறையாகத் தாமதமாகத் திறக்கப்போகும்,
உன் அம்மா