அப்பாவின் தலைவலி

1964 மார்ச் 12, வியாழன்

ஆசிரியர் பயிற்சியில் சேர்வதற்கான மருத்துவச் சோதனைக்கு இன்று போனேன். டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி இரண்டு முறை ரத்த அழுத்தம் பார்த்தார். பஸ்ஸைப் பிடிக்க ஓடியதால் இருக்கும் என்று அரை மணி நேரம் உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார். குறையவில்லை.

"இருபது வயசுக்கு இது ரொம்ப அதிகம்மா. வீட்டுல யாருக்காச்சும் இருந்துச்சா?"

இல்லை என்றேன். திங்கட்கிழமை திரும்ப வரச் சொன்னார்.

சிராங்கூன் ரோட்டில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் அப்பாவின் நினைவு வந்தது. துறைமுகத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் அப்படியே விழுந்து இறந்துபோனார். அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது. வெயில் தாக்கிவிட்டது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இறப்பதற்கு முன்பு அப்பாவுக்கு ஏதாவது உடம்புக்கு முடியாமல் இருந்ததா என்று கேட்டேன்.

"ஒரு வருஷமா பின்மண்டை வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. தைலம் தேய்ச்சு விடுவேன். வாலிப வயசுல தலவலிக்கு யாரு டாக்டர்கிட்ட போவா? ஏன் கேக்குற?"

"சும்மாதாம்மா."

வேலை கிடைக்காமல் போனால்கூடப் பரவாயில்லை. தங்கை செல்வியை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை. பதினாறு வயது. ஒரு மாதமாகக் காலையில் எழுந்ததும் தலைவலி என்கிறாள். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவளையும் அந்த டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். கண்ணாடிக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.