அப்பா கிறுக்கப் பழகிய கதை

என் செல்ல மகனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன மூன்று கடிதங்களிலும் இதே சுகத்தைத்தான் எழுதினேன், அதில் பாதி பொய். இந்த முறை எழுதுவது முழுச் சுகம் என்பதால் பழைய பொய்யையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து படி, பதறாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. ஐந்து மாதத்துக்கு முன்னால் உன் அப்பா நம் சலூன் கண்ணாடியின் மேல்விளிம்பைத் துடைக்க ஸ்டூலில் ஏறினார், துடைத்த துணியோடு சேர்ந்து கீழே வந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. "பையனுக்குத் தெரிஞ்சா வேலையப் போட்டுட்டு ஓடி வந்துடுவான், மூச்சு விடாதே" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். போனை இடது கையில் பிடித்துக்கொண்டு உன்னிடம் கடையில் கூட்டம் தாங்கவில்லை என்று அளந்தாரே, அன்றைக்கெல்லாம் கடையில் பூட்டுதான் தொங்கியது. கோபம் வந்தால் என்னைத் திட்டிக்கொள், அவரை விட்டுவிடு.

கட்டைப் பிரித்ததும் சரியாகிவிடும் என்றுதான் இருந்தோம். எலும்பு கூடிவிட்டது, விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழைய மறுத்தது, நுழைந்தால் நடுக்கம். பிசியோதெரபி பெண் கொடுத்த ரப்பர் பந்தை இரண்டு நாள் அமுக்கிவிட்டு அலமாரிக்குள் தூக்கிப் போட்டுவிட்டார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொல்வது போல, "கடையில இருக்கிற ரெண்டு நாற்காலியயும் யாராவது கேட்டா கொடுத்துடலாம்" என்றார். முப்பத்து நான்கு வருஷமாக அந்த நாற்காலிகளை வேறு யாரும் துடைக்கக்கூட விடாத மனுஷன்.

நான் அப்போது சனிக்கிழமை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். நூலகத்து மாடியில் ஸ்கிராப்புக் செய்யக் கற்றுத்தருகிறார்கள். போட்டோவை ஒட்டி, பக்கத்தில் நாலு வரி எழுதி, சுற்றிலும் சின்னச் சின்னதாக எதையாவது வரைந்து அலங்கரிப்பது. அப்படி வரைவதற்கு டூடுல் என்று பேராம், எனக்கு அது கிறுக்கல்தான். உன் போட்டோக்களை ஒழுங்குபடுத்தலாம் என்று சேர்ந்தேன். சொல்லித்தருகிறவள் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற பெண், என் வயதில் பாதி. எதைக் கேட்டாலும் "முதல்ல ஒரு புள்ளி வையுங்க" என்பாள், அதனால் அவளுக்குப் புள்ளியம்மா என்றே பேர் விழுந்துவிட்டது. புள்ளி, கோடு, வளைவு, வட்டம், சுருள், இந்த ஐந்தும் கைக்கு வந்தால் போதும், மற்றதெல்லாம் இவை பெற்ற பிள்ளைகள் என்று சொல்வாள். வளைவை வரிசையாக அடுக்கினால் மீன் செதில், வட்டத்தைச் சுற்றி வளைவு வைத்தால் பூ, நெளிகோட்டுக்கு இரண்டு பக்கமும் இலை வைத்தால் கொடி. கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷம் ஸ்கேல் வைத்துப் பதிவேட்டுக்குக் கோடு போட்ட கை இது, நெளி என்றால் நெளியுமா. என் கொடி கம்பி மாதிரி நின்றது. நட்டு மாதிரி இருந்த என் பூக்களைப் பார்த்தால் யாரும் ஸ்பானரைத்தான் தேடுவார்கள்.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் வீட்டுப்பாடம் போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த உன் அப்பா எட்டிப் பார்த்து, "இது கொடியா, ரயில் தண்டவாளமா" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து, "அப்ப நீங்க போடுங்க பாப்போம்" என்று பேனாவைத் தள்ளிவிட்டேன். தள்ளிய பிறகுதான் யாரிடம் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவர் பேனாவை, புதிதாக எழுதப் பழகும் குழந்தை மாதிரி வலது முஷ்டிக்குள் பிடித்து, தாளின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே கோடு இழுத்தார். கை நடுங்கிக்கொண்டே போனது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். நான் அந்தத் தாளை மடிக்காமல் பைக்குள் வைத்தேன்.

சனிக்கிழமை எல்லாருடைய தாளையும் பார்த்துக்கொண்டு வந்த புள்ளியம்மா அதை மட்டும் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "இந்தக் கோட்டுல உயிர் இருக்கு, யார் போட்டது" என்றாள். நான்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது, ஒளிப்பானேன். பிறகு என் வீட்டுக்காரர் என்றேன், கையில் அடிபட்ட கதையையும் சொன்னேன். "அடுத்த வாரம் அவரையும் இழுத்துட்டு வாங்க" என்றாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது, "நடுக்கத்துக்கு மார்க் போடுற வாத்தியார இப்பதான் கேள்விப்படுறேன்" என்று கேலி செய்தார். ஆனால் வெள்ளிக்கிழமையே சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை என்ன சொல்வேன். கிறுக்கப் போன மனுஷனுக்குக் கிறுக்கே பிடித்துவிட்டது. பேப்பர் ஓரம், பால் கவர், கரண்ட் பில், எதுவும் தப்பவில்லை. பில் கட்டப் போன இடத்தில் கவுண்டர்காரர் நம்பர் எங்கே என்று தேடினார், நம்பரைச் சுற்றி ஒரு நத்தைக் கூட்டம். "கைய வளைக்காதீங்க, தாளத் திருப்புங்க" என்று புள்ளியம்மா சொன்னதை எனக்கே பாடம் எடுக்கிறார். நீ எட்டு வயதில் நீச்சல் போட்டிக்குப் போனபோது எடுத்த படத்தைச் சுற்றி எழுபது நீர்க்குமிழி போட்டிருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் சின்ன மினுக்கல். பென்சில் கோட்டை அழிக்க அவசரப்பட்டு, மை காய்வதற்குள் நான் ரப்பரைத் தேய்த்ததில் உனக்கு மீசை வந்துவிட்டது. அவர் என்னோடு அரை நாள் பேசவில்லை. மூன்றாவது மாதம் பிசியோதெரபி பெண் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "என்ன பயிற்சி செஞ்சீங்க" என்று வியந்தாள். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கிறுக்கினேன்" என்றார்.

அதே வாரம் ஒரு மாலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் முன்னால் ஒரு தாளை வைத்தார். "பாரு, கோடு நேரா போகுது, கொடி வரவே மாட்டேங்குது, நடுக்கம் போயிடுச்சு" என்று குறைப்பட்டுக்கொண்டார். தான் சொன்னது என்ன என்பதே அவருக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறிவிட்டது. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் கடையைத் திறந்தோம். கத்தரியை எடுத்தவர் கால் மணி நேரம் சும்மா காற்றில் வெட்டிக்கொண்டே நின்றார். எதிர்க்கடைத் தையல்காரர் யாரும் கூப்பிடாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "காதுல பட்டுடுச்சுன்னா என்ன செய்வீங்க" என்று அப்பா கேட்க, "இன்னொண்ணு இருக்குல்ல, வெட்டுங்க" என்றார் அவர். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு சாமி சாமி என்று நின்றேன். வழக்கமாகப் பதினைந்து நிமிஷ வேலை, அன்றைக்கு ஐம்பது நிமிஷம். தையல்காரர் கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்து, "நூல் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். தையல்காரர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பட்டம் வருமா. அப்பா முதுகைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் சீப்பைக் கழுவினார், நான் பார்க்காதது போலத் தரையைக் கூட்டினேன்.

இப்போது தினமும் நாலைந்து தலை வெட்டுகிறார், அதற்கு மேல் நான் விடுவதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு, உயரமான இடத்தைத் துடைக்க ஏணி வாங்கு, ஸ்டூல் ஆகாது. உனக்கு ஏதாவது என்றால் எங்களிடம் மறைக்காதே, எங்கள் வழியைப் பின்பற்றாதே. லீவுக்கு டிக்கெட் போட மறந்துவிடாதே, மூன்று மாதம் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். நோய்நொடி இல்லாமல், நினைத்த காரியம் கைகூடி, சிரித்த முகத்தோடு நூறு வயசு இருக்க வேண்டும் என் ராஜா. கீழே உள்ளதை அப்பாவே எழுதினார், வலது கையால்.

உன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா

தம்பி, கை நல்லா இருக்கு. எழுத்து கோணலா இருந்தா கண்டுக்காதே. போன வாரம் நீ அனுப்புன போட்டோவுல உன் தலையப் பார்த்தேன், எவனோ கண்ண மூடிக்கிட்டு வெட்டியிருக்கான். இனிமே எவன்கிட்டயும் தலையக் கொடுக்காதே, மூணு மாசம்தானே, வளரட்டும். வந்ததும் நேரா கடைக்கு வா, வீட்டுக்கு அப்புறம் போகலாம். அப்பா.