கோட்டுக்கு மேலே உள்ளது மட்டும்

அன்பு யாமினி,

இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலே சொல்லிவிட்டது. பேசினால் சரிம்மா, மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். டீம் லீடர் வேலை வேண்டாம் என்று திங்கட்கிழமை ஆபீஸுக்கு எழுதப்போகிறேன் என்றாயே. எழுதாதே. எழுதவே எழுதாதே!

நீ சொன்னதை நானும் நம்பினேன். போன மாதம் ஒரு லட்சம் போனஸ் வந்தது, வழக்கமாகப் பிடிக்கிற வரியைப்போல மூன்று மடங்கு பிடித்துவிட்டார்கள். லீடரானால் போனஸ் இரண்டு லட்சம், வருஷ வருமானம் பதினாறு லட்சக் கோட்டைத் தாண்டினால் மொத்தச் சம்பளத்துக்கும் இருபது சதவீதம், நஷ்டம்தான் என்றாய். அப்பாவும் உடனே, ஆமாம்மா, நம்ம பழைய சிவப்பு ரேஷன் கார்டு மாதிரிதான், கோட்டைத் தாண்டினா எல்லாம் பூடும், இருக்கிற எடத்துலயே இரு என்றார். 

நேற்று உரம் வாங்க வில்லியனூர் போனேன். ஆரோக்கியசெல்வி எதிரே வந்தாள். என்னோடு எம்.ஏ. படித்தவள், இப்போது அங்கே ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறாள். சொன்னேன். நடுரோட்டில் நின்று சிரித்தாள். இன்னாடி, ரேஷன் கார்டும் வருமான வரியும் ஒண்ணா என்றாள். ஜூஸ் கடைக்கு இழுத்துப்போய் விளக்கினாள். பதினாறு லட்சத்துக்கு மேலே உள்ள பணத்துக்கு மட்டும்தான் இருபது சதவீதம். கீழே உள்ளதை யாரும் தொடுவதில்லை, அதற்குப் பழைய வரிதான். போனஸுக்கென்று தனி வரி கிடையாது, அதுவும் சம்பளம்தான். வருஷக் கடைசியில் வந்ததால் அதற்கான வரி முழுவதையும் ஒரே மாதத்தில் பிடித்தார்கள். அதனால்தான் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. கூடுதலாகப் பிடித்திருந்தால் ரிட்டர்ன் போடும்போது திரும்பி வரும். அந்த ஒரு லட்சத்தில் எண்பதாயிரத்துக்கு மேலேயே உன் கைக்கு வந்திருக்கிறதே, நஷ்டம் எங்கேடி!

உனக்குச் சொல்லும் அவசரத்தில் பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை. உரத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அப்புறம் யோசித்தேன். நீ ஆறாவது படிக்கும்போது கரிக்கலாம்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை வந்தது. அந்தச் சம்பளம் சேர்ந்தால் ஏழைகளுக்கான சிவப்பு கார்டு போய் மஞ்சளாகும், அரிசி போகும், உன் படிப்புச் சலுகை போகும். அதனால் நான் வேலைக்குப் போகவில்லை. அன்றைக்கு அந்தக் கணக்கு சரி. கார்டு அப்படித்தான். ஒரு ரூபாய் தாண்டினாலும் எல்லாம் போகும். அந்தப் பயம் சோற்றோடு உனக்கும் இறங்கியிருக்கிறது. இப்போது சம்பளச் சீட்டிலும் நீ ரேஷன் கார்டைப் பார்க்கிறாய்.

அப்பா லேசில் நம்பவில்லை. அறுவடையை எடுத்துச் சொன்னேன். அறுவடை மிஷின் வைத்திருக்கும் வீரமணி நம் வயலை அறுத்தபோது, சேறாக இருந்த கீழ்மூலைக்கு மட்டும் சேற்றில் புதையாத பெல்ட் மிஷினை இறக்கி அதற்கு மட்டும்தானே கூட வாடகை வாங்கினார், காய்ந்த இடத்துக்கு டயர் மிஷின் வாடகைதானே என்றேன்.  பிறகு, அப்ப பாப்பா வாங்கிக்கட்டுமே என்றார். லீடர்னா அவளுக்குக் கீழ எத்தனை பேர் என்று கேட்டார். ஆறு என்றேன். அரை மணி நேரத்தில் போனில் வீரமணியிடம் பதினைந்து பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இனி ஊருக்குள் குறைக்க முடியாது. அவரைப் பொய்யராக்கிவிடாதே, திங்கட்கிழமை காலை சரி என்று எழுதிவிடு.

எந்தக் கோட்டுக்கும் பயப்படாமல் நன்றாக இரு. ராத்திரியில் நூடுல்ஸோடு முடித்துக்கொள்ளாதே, சோறு வடி. ஜூலைக்குள் ரிட்டர்ன் போட மறக்காதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா,
புவனேஸ்வரி