கையெழுத்துப் போடாதவள் எழுதுவது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நலமாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு தலைவலி, தடுமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. குட்டிக்கு முன்பல் விழுந்த படத்தை அப்பா போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, கடைசியில் ஓட்டையைத் தவிர வேறொன்றும் தெரியாமல் என்னிடம் நீட்டினார். என் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது, சமதரையில் ஒழுங்காக இருக்கிறது. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் இதோ வருகிறேன் என்று சொல்லியே ஒரு மழைக்காலத்தை ஓட்டிவிட்டார். போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இதைப் போனில் பேச முடியாது கண்ணு. நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய், அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், எனக்கு அழுகை வந்துவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாதல்லவா.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன செய்தி என்னைத் தூங்க விடவில்லை. வரிக் கணக்குப் போட்டுத் தரும் பெரிய கம்பெனியின் பெயரில் ஒரு கிளை எடுத்து நடத்தப் போகிறேன், அதற்குப் பிரான்சைஸ் என்று பெயர், வேலையை விடப் போகிறேன், வீட்டை ஈடு வைக்க அவரும் சம்மதித்துவிட்டார், அடுத்த மாதக் கடைசியில் கையெழுத்து என்று மூச்சு விடாமல் சொன்னாய். அப்பா மாதிரியே நானும் போர்டு மாட்டப் போகிறேன் என்று சிரித்தாய். பிறகு அப்பாவிடம் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாய். அவர் நல்லா யோசிச்சுச் செய்ம்மா என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்து எழுந்து போனார். நீ அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டாய். அவர் நேரே குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகு நேரம் வெளியே வரவில்லை. அவ்வளவு நேரம் முகம் கழுவ யாருக்கும் முகம் அவ்வளவு பெரிதில்லை.

அப்பா கண் பார்வை மங்கியதால் தன் வரிக் கணக்குக் கடையை விட்டுவிட்டார் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறோம். அவர் கண்ணுக்கு ஒன்றுமில்லை, இன்றைக்கும் என் ஊசியில் நூல் கோத்துத் தருகிறவர் அவர்தான். நீ எடுக்கப் போவது மாதிரியே ஒரு கம்பெனி பெயரில் நடத்திய கடை அது, அதை அந்தக் கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். வரும்போது ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கம்பெனியைப் பற்றி யாரிடமும் குறைவாகப் பேசமாட்டேன் என்று அதில் ஒரு வரி. உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதா, அந்த வரியை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். நீ போன் வைத்த பிறகு அவரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். பெற்ற பெண் கிணற்றில் விழப் போகிறாள், வாயைத் திறந்து சொன்னால் என்ன என்றேன். அவர், “யாருகிட்டயும்னுதான் போட்டிருக்கு, மகளைத் தவிரன்னு போடல” என்றார். இவள் சேரப்போவது வேறு நாட்டில் வேறு கம்பெனி ஆயிற்றே என்றேன். எதைச் சொன்னாலும் இதைச் சொன்னதாகத்தான் ஆகும் என்றார். அதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. ஆனால் அந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நம் சாப்பாட்டு மேசையில் அப்பா மற்றவர்களுக்கு வரிக் கணக்குப் போட்டதைப் பார்த்துத்தான் நீ வளர்ந்தாய். தையல்காரம்மா, பேக்கரிக்காரர், பஸ் ஓட்டுநர் என்று ஆளாளுக்குப் பையில் ரசீதைத் திணித்துக்கொண்டு வந்து சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், நீ அவர்கள் காலுக்கு நடுவில் வீட்டுப் பாடம் எழுதுவாய். கொடுத்ததை வாங்கிக்கொள்வார், கொடுக்காதவர்களிடம் கேட்கத் தெரியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவருக்கு ஒரு போர்டு ஆசை வந்தது. கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார், வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர், நான் அவருக்குக் கோட்டுக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டேன். கம்பெனி பெயர் இருந்தால் கூட்டம் தானாக வரும், இந்த வட்டாரம் முழுக்க உங்களுக்குத்தான், வேறு கிளை வராது என்றார். அப்பா படிக்காமல் கையெழுத்துப் போட்டார் என்று நினைக்காதே. அடிக்கோலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து அத்தனை பக்கத்தையும் படித்தார். வாடிக்கையாளர்கள் கம்பெனிக்குச் சொந்தம் என்ற வரியையும் படித்தார். கம்பெனி கொண்டுவந்து விடுகிற ஆட்களைச் சொல்கிறார்கள், நியாயம்தானே என்று தலையாட்டினார். அப்புறம் முதல் வாரமே தன்னுடைய அத்தனை பேரையும் அவர்கள் கம்ப்யூட்டரில் தன் கையாலேயே ஏற்றினார். எல்லாரும் பழகிய நம்பர் என்று நம் வீட்டுப் போனையும் கடைக்கு மாற்றினார். போன வருடம் ஏதோ நினைவில் பழைய நம்பருக்கு அடித்து, யாரோ ஒரு பெண் கம்பெனி பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தாள் என்று சிரித்தாயே, லைன் மாறியிருக்கும் என்றேனே, அது லைன் மாறியதில்லை. நீ ஸ்கூலில் மனப்பாடமாகச் சொன்ன நம் நம்பர்தான், அது இப்போது அவர்களுடையது.

வரிக்காலம் என்பது வருடத்தில் மூன்று மாதம். அந்த மூன்று மாதம் கூட்டம் வந்தது, நான் கம்பெனி கொடுத்த கிளிப்பச்சைக் கோட்டு மாட்டிக்கொண்டு முன் மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தேன், கண்ணாடியில் என்னைப் பார்த்து எனக்கே சிரிப்பாக இருந்தது. பிறகு கூட்டம் கலைந்துவிட்டது, வாடகை கலையவில்லை. மீதி மாதங்களில் ஏசியும் நாங்களும்தான். லாபம் வந்ததா இல்லையா என்று கம்பெனி பார்ப்பதில்லை, கல்லாவில் விழுவதில் அவர்கள் பங்கு முதலில், விளம்பரத்துக்கு என்று இன்னொரு பங்கு, சாஃப்ட்வேருக்குத் தனி. அந்த விளம்பரம் என்ன சொன்னது தெரியுமா, வீட்டிலிருந்தே போனில் எங்கள் ஆப்பில் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள் என்றது. வேறு கிளை வராது என்றார்களே, வரவில்லைதான், எல்லார் பாக்கெட்டுக்குள்ளும் அவர்களே கடை திறந்துவிட்டார்கள். அப்பா கேட்டதற்கு, ஆப் என்பது கிளை இல்லையே என்றார் கோட்டுக்காரர். திரும்ப வரப்போகும் வரிப்பணத்தின் மேல் முன்கூட்டியே கடன் கொடுத்து அதில் ஒரு தொகை பிடிக்கச் சொன்னார்கள். அப்பா எந்தக் கிழவரிடமும் அதை விற்கவில்லை. விற்காத கிளை என்று மீட்டிங்கில் நிற்க வைத்துக் கேட்டார்களாம்.

இனி எழுதுவதை அப்பாவுக்கே நான் சொன்னதில்லை. கடைக்கு அருகே பென்சில் வேஷம் போட்டு ஓர் ஆள் நின்று போகிற வருகிற வண்டிகளுக்குக் கையாட்ட வேண்டும் என்பது கம்பெனி விதி. தலையிலிருந்து முட்டி வரைக்கும் மஞ்சள் பஞ்சு, உச்சியில் கறுப்புக் கூர். இரண்டாம் வருடம் வேஷக்காரருக்குக் கூலி கொடுக்க முடியாமல் போயிற்று. ஒரு நாள் அப்பா பேங்குக்குப் போகிறேன், நீ மேசையைப் பார்த்துக்கொள் என்று கிளம்பினார். ஆள் யாரும் வராததால் நான் பால் வாங்கப் போனேன். திருப்பத்தில் பென்சில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தது. யாரோ புது ஆள் என்று நினைத்துக் கிட்டே போனவள் காலைப் பார்த்தேன். நான் காலையில் துடைத்துக் கொடுத்த ஷூ. பஸ்ஸிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்தினார்கள், பென்சில் இன்னும் வேகமாக ஆட்டியது. நான் பால் வாங்காமல் அடுத்த தெரு வழியாகத் திரும்பிவிட்டேன். அவர் கடைக்குள் வந்தபோது சட்டை பிழிந்தால் சொட்டும்போல நனைந்திருந்தது, பேங்கில் ஏசி வேலை செய்யவில்லை என்றார். தண்ணீர் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க அவருக்குப் பேங்கில் வேலை இருந்தது. நானும் கேட்கவில்லை. உன் அப்பா அலுவலகத்தில் தலைமைக் கணக்கராக இருந்தவர் அம்மாடி.

வெளியே வந்தால் விட்டது தொல்லை என்று நினைத்தேன். அங்கேதான் ஒப்பந்தம் வேலையைக் காட்டியது. வெளியே வந்தவர் இந்த வட்டாரத்தில் சில வருடங்களுக்கு யாருக்கும் வரிக் கணக்குப் போடக் கூடாது, காசு வாங்காமலும் போடக் கூடாது. தையல்காரம்மா வழக்கம்போலப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பா வாசலிலேயே நின்று, இந்த வருஷம் என்னால் முடியாது என்றார். ஏன் என்று அந்த அம்மா கேட்டார். போடவும் கூடாது, ஏன் என்று சொல்லவும் கூடாது, மனுஷர் என்ன செய்வார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, “நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?” என்று கேட்டுவிட்டு, பையை மடித்து இடுக்கிக்கொண்டு போய்விட்டார். நம் கடையிலேயே இப்போது இருப்பவர்களிடம் போய், அந்தக் கடனையும் வாங்கித் தலையில் கட்டிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கம்பெனி வைத்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்று தெருவில் பேச்சு. அத்தனை வருடம் சம்பாதித்த நல்ல பெயர் இப்படிப் போயிற்று. கடைக்குப் போட்ட பணம் போனதைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அந்தப் பை திரும்பிப் போனதிலிருந்துதான் சாப்பாட்டு மேசையில் உட்காருவதை விட்டுவிட்டார், தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுகிறார்.

உனக்குத் திறமை இல்லை என்று அம்மா சொல்லவில்லை. உன் கம்பெனி நல்ல கம்பெனியாகவே இருக்கலாம். ஆனால் சேரும் நாளைப் பற்றி எழுதியிருப்பதை விடு, பிரியும் நாளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் படி. அவர்கள் காட்டும் ஆட்களிடம் கேட்காதே, விட்டுவிட்டுப் போனவர்களைத் தேடிப் பிடி, அவர்கள் பேசத் தயங்கினால் ஏன் தயங்குகிறார்கள் என்று உனக்கு இப்போது தெரியும். மீதி ஒன்பது மாதம் எதை வைத்துச் சமைப்பாய் என்று கணக்குப் போடு. நீயே காசு கொடுத்து ஒரு வக்கீலை வைத்துப் படிக்கச் சொல். வீட்டை மட்டும் ஈடு வைக்காதே, குட்டி தூங்கும் அறையை யார் கையிலும் கொடுக்காதே. கணக்குப் போடும் ஆசை இருந்தால் உன் பெயரிலேயே உன் மேசையிலேயே போடு. நான்கு பேர் வந்தாலும் அந்த நான்கு பேர் உன்னுடையவர்கள்.

இவ்வளவையும் எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து எதிரில் நின்றார். மறைக்கலாமா என்று நினைத்தேன், மறைக்கவில்லை. யாருக்கு, என்ன என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்க்காமல் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நான் படிக்க மாட்டேன். நீ ஒட்டிக் குடு, நானே போய்ச் சேர்த்துட்டு வரேன்” என்றார். தபால் நிலையத்துக்கு அந்தக் கடை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கடையை விட்டதிலிருந்து அவர் அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை, மருந்து வாங்கக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். நான் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு, தலை சீவிக்கொண்டு வந்து நிற்கிறார். அதனால் முடிக்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல், நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும், அதுவே எங்கள் இருவரின் ஆசீர்வாதம். இதை மாப்பிள்ளையிடமும் படிக்கக் கொடு. குட்டியை வெந்நீரில் வாய் கொப்பளிக்கச் சொல். போனில் பேசும்போது அப்பாவிடம் எதையும் கேட்காதே. கடிதம் வந்தது, கையெழுத்துப் போடவில்லை என்று மட்டும் சொல்.

என்றும் உன் நினைவாக,
அம்மா